வலிக்கிறதா என்று கேட்டார்கள்

ஊசியைக் கண்டால் அலறுகிறவன் நான். குத்தினால் அல்ல, கண்டாலே. நாவிதர் கத்தியைத் தீட்டத் தொடங்கும்போதே என் தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறிவிடும். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. அந்த அலறலுக்கு என்ன விலை கொடுத்தேன் என்று கேட்ட பிறகு, வெட்கப்படு என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

அப்போது எனக்குப் பினாங்குத் துறைமுகத்தில் வேலை. என்ன வேலை என்று கேட்டால் கை காட்டுகிற வேலை என்பேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் சிரிப்பதற்காகத்தான் அப்படிச் சொல்வது. கப்பலின் தளத்தில் சரக்கு இறக்க ஒரு பெரிய திறப்பு இருக்கும், கிணற்றின் வாயைப் போல. அதன் விளிம்பில் நான் நிற்பேன். சங்கிலி மாட்டியாயிற்றா என்று எட்டிப் பார்த்து, சங்கிலியை இழுக்கும் வின்ச் இயந்திரம் ஓட்டுகிறவனுக்குக் கையால் சைகை செய்யவேண்டும். தூக்கு, நிறுத்து, இறக்கு. அவன் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து கிணற்றுக்குள் எதுவும் தெரியாது. என் கை பொய் சொன்னால் கீழே இருக்கிறவன் செத்தான்.

ஒரு நாள் காலை வெள்ளீயக் கட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தோம். 'இறக்கு' என்று கை காட்டினேன். சங்கிலி நழுவி ஒரு கட்டி மட்டும் தனியே இறங்கியது, என் இடது பாதத்தின்மேல். இறக்கச் சொன்னவனும் நான்தான். ஆகவே யாரையும் திட்ட முடியவில்லை.

எலும்பு கூடிவிட்டது. உணர்ச்சி கூடவில்லை. யாருடைய பாதத்தையோ கணுக்காலுக்குக் கீழே தைத்து அனுப்பிவைத்தது போல இருந்தது. நடக்கும்போது அது எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொள்ளவேண்டும். ஒரு முறை என் மனைவி கொதிக்கிற குழம்புச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி, இடம் பார்க்காமல் அந்தப் பாதத்தின்மேல் வைத்துவிட்டாள். நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தேன். தோல் கருகிய வாசனை வந்த பிறகுதான் இரண்டு பேருக்கும் தெரிந்தது.

"இருக்கட்டும்யா. சட்டி வைக்கப் பிரிமணை இல்லாமத்தான் இருந்துச்சு," என்றாள்.

அவள் நாக்கு அப்படி. சூலியா தெருவில் ஒரு வியாபாரி வீட்டில் மசாலா அரைக்கிறவள். மிளகாய் அரைத்த கையோடு நாக்கையும் ஒரு தரம் தடவிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவாள் என்று நான் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு புதுச் சட்டம் வந்திருந்தது. வேலையில் அடிபட்டவனுக்கு, மறுபடியும் வேலை செய்யும் தெம்பு வருகிறவரை, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை பாதிச் சம்பளத்தைக் கம்பெனி கொடுக்கவேண்டும். எங்கள் கம்பெனியின் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, அதை எடுத்துக் கொடுக்கும்போது, தன் மடியில் இருந்த பிள்ளையைப் பிடுங்கிக் கொடுப்பவர் போல முகத்தை வைத்துக்கொள்வார். அதில்தான் வீட்டு வாடகை, அரிசி, என் வெற்றிலை எல்லாம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நான் நாடக சபாவில் கோமாளி. தொழில் இல்லை, ஆசைக்கு. என் பெயர்பெற்ற வேஷம் நொண்டி வேலைக்காரன். ராஜா கூப்பிட்டால் மேடையின் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்கு நொண்டிக்கொண்டே வருவேன். வந்து சேர்வதற்குள் கொட்டகையில் பாதிப் பேருக்கு வயிறு வலிக்கும். கால் போவதற்கு முன்பே மூன்று வருஷம் அந்த நொண்டலை வளர்த்து வைத்திருந்தேன். தெய்வம் என்று ஒன்று இருந்தால் அது டிக்கெட் வாங்காமல் வந்து பார்த்திருக்கிறது.

ஒரு நாள் கம்பெனி டாக்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். வெள்ளைக்காரர். பக்கத்தில் பெரிய கிராணி நின்றார். டாக்டர் என் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மீன் வாங்குகிறவர் செவுளைப் பார்ப்பது போல. பிறகு மேஜையிலிருந்து ஒரு நீளமான ஊசியை எடுத்தார்.

நான் அலறினேன்.

அலறினேன் என்றால் சும்மா இல்லை. வெளியே ரிக்‌ஷா இழுக்கிறவர் உள்ளே எட்டிப் பார்த்தார். ஊசி என் பாதத்தைத் தொட்டதா, எவ்வளவு தூரம் இறங்கியது, எனக்குத் தெரியாது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன்.

"வலிக்குதா?" என்று டாக்டருக்காகக் கேட்டார் கிராணி.

"வலிக்குதய்யா! வலிக்குது! எடுத்துரச் சொல்லுங்க!"

டாக்டர் எழுதினார். அவ்வளவுதான். நன்றாக வலிக்கிற பாதம் நன்றாக வேலை செய்யும் பாதம் என்று எழுதியிருக்கிறார். அடுத்த தவணைக்குப் போனபோது காசுக்குப் பதில் ஒரு கடிதம் கிடைத்தது.

கடிதம் இங்கிலீஷில் இருந்தது. எனக்குத் தமிழ் எழுத்துத்தான் வரும், அதுவும் நாடக வசனம் மனப்பாடம் பண்ணுவதற்காகக் கற்றது. கோர்ட்டுக்குப் பக்கத்து அஞ்சடியில், கடை முகப்பு நிழலில், டைப் அடிக்கும் இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு மனு எழுதும் ராவுத்தரிடம் கொண்டுபோனேன். திருநெல்வேலிச் சீமைக்காரர். எங்கள் சபாவில் திரைக்குப் பின்னால் நின்று மறந்துபோன வசனத்தை எடுத்துக் கொடுப்பவரும் அவரே.

"நீரு குணமாயிட்டீராம் வே," என்றார் கடிதத்தைப் படித்துவிட்டு. "பாதத்துக்கு உணர்ச்சி முழுசா வந்துட்டுதாம். பாதிச் சம்பளம் நின்னு போச்சு. திங்கக்கிழமை வேலைக்கு வரணுமாம், அதே இடத்துக்கு."

அதே இடம் என்றால் அந்தக் கிணற்று விளிம்பு. எண்ணெயும் மழைத் தண்ணீரும் வழுக்கும் இரும்பு. விளிம்பு எங்கே முடிகிறது என்று அங்கே பாதம்தான் சொல்லவேண்டும். கண் சங்கிலியைப் பார்க்கும், கை சைகை காட்டும், பாதம் ஒன்றுக்குத்தான் அந்த வேலை. என் இடது பாதம் பேச்சை விட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது.

எனக்கு வந்த பீதியை வர்ணிக்க ஆசைதான். மூன்று தடவை தண்ணீர் வாங்கிக் குடித்தேன், மூன்றையும் அதே கடையில், மூன்று தடவையும் குவளையைத் திருப்பிக் கொடுக்காமல் எழுந்தேன். பிறகு நேரே பெரிய கிராணியிடம் ஓடினேன். ஓடினேன் என்றா சொன்னேன்? அவர் அந்த வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டார்.

"ஓடித்தானே வந்தே? அப்புறம் என்ன?"

"அய்யா, அன்னைக்கு ஊசியப் பாத்துக் கத்தினேன். குத்தினதுக்கு இல்ல."

"நாடகத்துல நீ சாகுற மாதிரிகூட நடிச்சிருக்கே. நான் முன் வரிசையில உக்காந்து அழுதேன். மறுநாள் காலைல துறைமுகத்துல உயிரோட நிக்கிறே. உன் பேச்ச நான் நம்பணுமா? போதும் லா. போ."

திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை. ராவுத்தர் மனு எழுதினார். கம்பெனியின் முடிவை மாற்றச் சொல்லிக் கேட்கலாம், அதை விசாரிக்க ஒரு துரை இருக்கிறார், மூன்று மாதம் தள்ளி நாளும் குறித்தாயிற்று. அதுவரை வீட்டில் என் மனைவியின் மசாலாக் கூலி ஒன்றுதான். காலையில் கஞ்சி, மாலையில் அதே கஞ்சிக்குப் புதுப் பெயர்.

"மேடையில நொண்டினே, ஊரு காசு குடுத்துச்சு," என்றாள் அவள். "நெசமா நொண்டினே, வந்துக்கிட்டிருந்த காசும் நின்னுபோச்சு. உனக்குத்தான்யா இப்படியெல்லாம் வாய்க்கும்."

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு ராவுத்தர் என்னை எதிரே உட்காரவைத்தார்.

"துரையும் ஊசியத்தான் எடுப்பான். நீரு கத்துவீரு. முடிஞ்சுது."

"கத்தமாட்டேன் ராவுத்தரே. மனசக் கல்லாக்கிட்டேன்."

அவர் பேனாவை எடுத்தார். முள் மின்னியது. நான் கத்தினேன்.

"பாத்தீரா? இன்னும் மூடியக்கூட முழுசாத் தொறக்கல," என்றார். "இப்பக் கேளும். குத்துறதக் காட்டாமக் குத்தியிருக்கணும். செருப்புக்குள்ள ஒரு சின்ன ஆணி, முனை மேல பாக்க. நீரு அதப் போட்டு நடந்து போறீரு. துரைக்கு முன்னால செருப்பக் கழட்டுறீரு. ரத்தம். 'அய்யய்யோ, இது எப்ப ஏறுச்சு, எனக்குத் தெரியவே இல்லையே துரை'ங்கிறீரு. அந்த ஒரு வசனம்தான். மறந்துட்டா எடுத்துக் குடுக்க நான் அங்க இருக்கமாட்டேன்."

இதை நான் பெரிய யோசனை என்று கொண்டாடினேன். பொய்யும் இல்லை பாருங்கள். பாதம் செத்தது உண்மை. உண்மைக்குக் கொஞ்சம் ஒப்பனை.

விசாரணை நாளில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பீச் ஸ்திரீட் வரை போனேன். ஆபீசுக்கு ஒரு முனை தள்ளி உட்கார்ந்து, மடியிலிருந்த ஆணியை எடுத்துச் செருப்புக்குள் வைத்து, எழுந்து ஓர் எட்டு வைத்தேன். உயிர் போயிற்று. வலது செருப்பில் வைத்திருக்கிறேன்! நல்ல கால்! பக்கத்தில் கடலை விற்றுக்கொண்டிருந்தவர் "என்னண்ணே, தேளா?" என்று எழுந்து நின்றுவிட்டார். பாதத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, ஆணியை இடது பக்கம் மாற்றினேன். நடந்தேன். ஒன்றும் தெரியவில்லை. செத்த பாதத்தின்மேல் எனக்கு அன்றுதான் பிரியம் வந்தது.

ஆபீஸ் வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. பெரிய கிராணி பூட்சோடு என்னைத் தாண்டி உள்ளே போனார். என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் செருப்பைக் கழற்றி, ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, கை கட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

படிக்கிற உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்கு துரையின் மேஜைக்கு முன்னால் போய் நின்ற பிறகுதான் புரிந்தது. துரை முன்னால் செருப்போடு போவது என் உடம்பு அறியாத காரியம். கோவில், பள்ளிவாசல், துரை ஆபீஸ், மூன்றுக்கும் என் கால் தானாகவே செருப்பை விட்டுவிடும். ஒத்திகை பார்த்த ராவுத்தருக்கும் இது தோன்றவில்லை. அவரும் வாழ்நாளெல்லாம் செருப்பை வெளியே விட்டுப் போனவர்தானே!

சரி, ஆணி? செருப்போடு வாசலிலேயே இருந்துவிட்டதா, பாதத்தோடு உள்ளே வந்துவிட்டதா? எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் இந்த வழக்கே இல்லையே. குனிந்து பார்க்கலாம் என்றால் துரை என்னையே பார்க்கிறார். தரையில் ரத்தம் இருக்கிறதா என்று கடைக்கண்ணால் தேடினேன். தரை முழுவதும் சிவப்பு ஓடு. எவன் பதித்தானோ, நன்றாக இருக்கட்டும்.

துரைக்குப் பக்கத்தில் துபாசி உட்கார்ந்திருந்தார், எங்கள் பேச்சை இங்கிலீஷில் சொல்லும் தமிழர். என்னைப் பார்த்ததும் அவர் உதடு துடித்தது. எனக்கு அந்தத் துடிப்பு தெரியும். நாடகம் பார்த்தவர்.

பெரிய கிராணி எழுந்தார். "துரை, இந்த ஆள் கோமாளி. அடிபடுறதுக்கு முன்னாடியே மூணு வருஷம் நொண்டினவன். மேடையில வலது கால், இங்க இடது கால், அவ்வளவுதான் வித்தியாசம். வேணும்னா இந்த துபாசியக் கேளுங்க, அவரும் பாத்திருக்காரு."

துரை துபாசியைக் கேட்டார். துபாசி சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினார். ஒரு நடிகனுக்கு அதைவிடப் பெரிய புகழ் இல்லை. அன்று அது என் கழுத்துக்குச் சுருக்கு.

என்னை நடக்கச் சொன்னார்கள். நடந்தேன். நடக்க நடக்க எனக்கே என் நடை பொய்யாகத் தெரிந்தது. நாற்பது பேர் கூலிக்குச் சிரித்தது போல ஒரு சத்தம் காதில். நிஜமான நொண்டல் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிற்று. துபாசி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்.

துரை பேனாவைக் கீழே வைத்தார். பிறகு துபாசியிடம் ஏதோ சொன்னார். துபாசி எனக்குச் சொன்னார்: "உன் கண்ணைக் கட்டப் போறாங்க. அந்த நொண்டி வேலைக்காரன் பாட்டை, வசனத்தை, நீ இங்கே நடிச்சுக் காட்டணும். நடுவுல டிரசர் ஊசியால குத்துவாரு, எப்பன்னு சொல்லமாட்டாரு. உன் குரல் ஒரு தடவை நடுங்கினாலும் மனு தள்ளுபடி."

ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரசர் ஒருவரை அதற்காகவே வரவழைத்திருந்தார்கள். என் தலைத்துண்டாலேயே என் கண்ணைக் கட்டினார்கள். ஒரு முக்காலியில் உட்காரவைத்து இடது காலைத் தூக்கி இன்னொரு முக்காலியில் நீட்டினார்கள்.

பயம் ஊசிக்கு இல்லை. ஊசியைத்தான் நான் பார்க்கப்போவதில்லையே. ஒன்றுமே நடக்காதபோது நானாக அலறிவிடுவேனோ என்று பயம். என்னை எனக்குத் தெரியும். ஒரு ஈ உட்கார்ந்தால் போதும், மூன்று மாதக் கஞ்சி ஆறு மாதக் கஞ்சியாகிவிடும். அதன் பிறகு அந்த விளிம்பு.

தொடங்கினேன். ராஜாவிடம் தாமதத்துக்குக் காரணம் சொல்லும் கட்டம். "மகாராஜா, விடியக்காலமே புறப்பட்டுவிட்டேன். இடது கால் நேற்றே வந்து சேர்ந்துவிட்டது. அரண்மனை வாசலில் காத்திருக்கிறது. வலது கால் மட்டும் வழியிலே ஒரு கள்ளுக்கடையில் உட்கார்ந்துகொண்டு, நீ போ, நான் பிறகு வருகிறேன் என்றது..."

துபாசி சிரித்தார். கிராணிகூடச் சிரித்துவிட்டார். எனக்குத் தெம்பு வந்தது. குரலை உயர்த்தினேன். கள்ளுக்கடைக் கட்டத்தில் கொட்டகை எப்போதும் அதிரும். அதை எடுத்தேன். "காலே, காலே, ராஜா கூப்பிடுகிறார் என்றேன். அதற்குக் கால் சொல்கிறது, எந்தக் காலை?"

ஒருவரும் சிரிக்கவில்லை.

நான் மேடையேறின நாளிலிருந்து அந்த இடத்தில் சிரிப்பு தவறியதே இல்லை. சொல்லிய விதத்தில் பிழையோ என்று அடுத்த வரியை இன்னும் கொஞ்சம் இழுத்துச் சொன்னேன். நிசப்தம். மின்விசிறி மட்டும் கிறுக் கிறுக் என்றது. யாரோ நாற்காலியைத் தள்ளினார்கள். தோற்றுவிட்டேன் என்று நினைத்து, நினைத்ததை மறைக்கப் பாட்டை எடுத்தேன். இரண்டாம் அடியில் துபாசியின் குரல் வந்தது.

"போதும்யா. நிறுத்து. நிறுத்துய்யா."

கட்டை அவிழ்த்தார்கள். டிரசரின் ஊசி என் பாதத்தின் மேல்பக்கத்தில் பாதிக்குமேல் இறங்கி, கொடிக்கம்பம் போல நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்து யாரும் மௌனமாகவில்லை. அதைத் தாண்டி உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆணி அங்கே இருந்தது. தலை வரைக்கும் உள்ளே போய், கறுப்பு மச்சம் போல. அதைச் சுற்றிக் குதிகால் வரை ரத்தம். வாசலிலிருந்து மேஜைவரை நடந்து, துரை சொன்னபடி இரண்டு தடவை அறையைச் சுற்றி வந்து, நான்தான் அதை அடித்து இறக்கியிருக்கிறேன்.

இப்போது நான் அலறினேன். பார்த்துவிட்டேன் அல்லவா.

"இது எப்படி வந்தது?" என்று கேட்டார் துரை.

ராவுத்தர் சொல்லிக் கொடுத்த ஒரே வசனம். வாயில் வரவில்லை. "தெரியாது துரை," என்றேன், சின்னப் பிள்ளை வேஷம் போடுகிற கிழவன் போல. அவ்வளவு மட்டமாக நான் நடித்ததே இல்லை.

"இவனே வச்சிருப்பான்!" என்றார் கிராணி.

துரை பதில் சொன்னதை துபாசி மெதுவாகத் தமிழில் சொன்னார்: "யார் வச்சிருந்தாலும், இவன் அதுமேல நின்னுக்கிட்டு அரைமணி நேரம் பேசியிருக்கான்."

பாதிச் சம்பளம் திரும்பியது. நின்றிருந்த தவணைகளும் வந்தன. ராவுத்தர் டீ வாங்கிக் கொடுத்தார். வீட்டில் என் மனைவிக்கு எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன், செருப்பு, ஆணி, சிவப்பு ஓடு எல்லாம். அவள் சிரிக்கவில்லை. "அந்தக் கால இங்க நீட்டு," என்றாள். பார்த்தாள். டிரசர் ஆணியைப் பிடுங்கி மருந்து போட்டிருந்தார். "ம்," என்றாள்.

வலிக்காத காலில் புண் வந்தால் எப்படித் தெரியும்? வாசனைதான். இந்தத் தடவையும் அவள்தான் முதலில் கண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் பாதம் நிறம் மாறிவிட்டது. கணுக்காலுக்கு மேலே, உணர்ச்சி நன்றாக இருக்கிற இடமாகப் பார்த்து, அறுத்து எடுத்தார்கள்.

கட்டு ஈரம் காயாமல் படுத்திருந்தபோது அடுத்த கடிதம் வந்தது. ராவுத்தர் அதைப் படிக்கத் தொடங்கிவிட்டு, நடுவில் நிறுத்தி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். கால் போனால் ஒரு மொத்தத் தொகை உண்டு. அதோடு தவணை முடியும். ஆனால் இந்தக் கால் விபத்தில் போகவில்லையாம். தானே வைத்துக்கொண்ட ஆணியால் போயிற்றாம். ஆகவே தொகையும் கிடையாது, தவணையும் இன்றோடு நின்றது.

"நான்தான் வே உம்ம கொன்னுட்டேன்," என்றார் ராவுத்தர். ஒற்றைக் காலோடு, கைக்குக் காசில்லாமல், நடக்க முடியாத கோமாளிக்கு அந்த ஊரில் என்ன வேலை? அவர் மறுபடியும் மனு எழுதினார்.

ஒரு வாரம் கழித்து, வாக்குமூலம் வாங்க துபாசியே ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காகிதத்தை விரித்து, தலை நிமிராமல் கேட்டார்: "துரை ஒரே ஒரு கேள்வி கேக்கச் சொல்லியிருக்காரு. அந்த ஆணியைச் செருப்புல வச்சது நீதானா?"

ஆமாம் என்றால் தொகை போயிற்று. இல்லை என்றால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு தடவை காட்டியாயிற்று. இல்லாத பாதம் அரித்தது.

"அவரு எங்க வச்சாரு? நான் வச்சேன்," என்றாள் என் மனைவி.

கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். கையில் கஞ்சித் தூக்கு. துபாசி நிமிர்ந்தார்.

"என்னம்மா சொல்றே?"

"எழுதிக்கங்க ஐயா. நான்தான் வச்சேன். மாசக்கணக்கா ஒரு ஆம்பள உக்காந்து திங்கிறான், கால் செத்துப்போச்சு, செத்துப்போச்சுங்கிறான். டாக்டரு நம்பல. கம்பெனிக்காரங்க நம்பல. நான் மட்டும் நம்பணுமா? நானும் மிளகா அரைச்சு அரைச்சு எரியிற கையோட வந்து இவனுக்குச் சோறு போடணுமா? நெசமா பொய்யான்னு பாத்துரலாம்னு வச்சேன். காலைல செருப்ப மாட்டிக்கிட்டுக் கிளம்பினாரு. கத்துவாரு, பிடிச்சுக்கலாம்னு வாசல்ல நின்னேன். தெரு முனை வரைக்கும் கத்தல. பாட்டுப் பாடிக்கிட்டுப் போனாரு."

"தெரிஞ்சப்புறம் கூப்பிட்டுச் சொல்லலையா நீ?"

"ஏன் சொல்லணும்? குத்தினாலும் தெரியாத காலுக்கு என்ன அவசரம்?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒரு கிழவர் "அடிப்பாவி" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. அவள் அவர் பக்கம் திரும்பி, "ஆமா, பாவிதான், உனக்கென்ன?" என்றாள். நான் எத்தனையோ பேரோடு மேடை ஏறியிருக்கிறேன். ஒத்திகை இல்லாமல் இப்படி ஒருவரும் நின்றதில்லை.

துபாசி என் பக்கம் திரும்பினார். "உனக்கு இது தெரியுமா?"

அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தூக்கின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். விரல்களில் மிளகாய்ச் சிவப்பு.

"தெரியாதுங்க," என்றேன். இந்தத் தடவை குரல் நடுங்கவே இல்லை.

ஆணியை நான் வைக்கவில்லை, கால் செத்ததே விபத்தால்தான் என்று துரை எழுதினார், தொகை வந்தது. கிராணி முகத்தை அப்படி வைத்துக்கொண்டுதான் எண்ணினார். துபாசி கேட்டதை வெளியே சொல்லாதவராக இருக்கலாம். கட்டில்காரர்கள் அப்படி இல்லை. ஒரு வாரத்தில் பினாங்குத் தமிழர் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று: புருஷன் காலில் ஆணி அடித்து, அது அழுகி விழும்வரை பார்த்துக்கொண்டிருந்தவள். சூலியா தெரு வீட்டம்மா, "உன் கையால அரைச்சத எங்க பிள்ளைங்களுக்குப் போட பயமா இருக்கு," என்று கணக்குத் தீர்த்து அனுப்பினாள். குழாயடியில் இவள் போனால் மற்றப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்குவார்கள். ஆணிக்காரி என்ற பெயர் வந்தது. சின்னப் பிள்ளைகள் அதைப் பாட்டாகப் பாடும்.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் கேட்டேன். "உண்மையச் சொல்லிரட்டுமா?"

"சொல்லி? வாங்கின காச நீ திருப்பிக் குடுப்பியா?" என்றாள். "வாய மூடிக்கிட்டுச் சாப்பிடு."

எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதைத்தான் எழுதத் தயங்கினேன். எழுதிவிட்டேன்.

அந்தத் தொகையில் ஓர் அம்மியும், மிளகாய் மல்லி மூட்டைகளும், குயின் ஸ்திரீட் அஞ்சடியில் ஒரு பலகை போட இடமும் வாங்கினோம். அவள் வீட்டுக்குள் அரைப்பாள். நான் பலகையில் உட்கார்ந்து பொட்டலம் விற்பேன். அவள் அரைத்தது என்று தெரிந்தால் யாரும் வாங்கமாட்டார்கள். ராவுத்தர் வீட்டில் அரைத்தது என்று சொல்லிக்கொள்வேன். ராவுத்தரும் மறுக்கவில்லை, என் பலகைப் பக்கம் வரும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போகப் பழகிவிட்டார்.

வியாபாரம் நடந்தது. பெண்கள் எனக்குப் பொருத்தியிருந்த மரக்காலைப் பார்த்து, அவளைச் சபித்து, அந்த இரக்கத்தில் ஒரு பொட்டலம் கூடுதலாக வாங்கினார்கள். எனக்கும் தொழில் பிடிபட்டது. அவள் பேச்சு வந்தால் ஒரு பெருமூச்சு விடுவேன். எங்கே நிறுத்தினால் கை மடிக்குப் போகும் என்று கோமாளிக்குத் தெரியும்.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். இன்று காலைகூட ஒரு அம்மாள் வந்தாள். மல்லிப் பொட்டலத்தை முகர்ந்து பார்த்து, "நல்லா இருக்கு அண்ணே, யாரு அரைச்சதோ, மகராசி," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தச் சண்டாளி இன்னும் உங்கள அடிக்கிறாளா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். நான் மரக்காலைச் சற்று முன்னால் நகர்த்தி வைத்தேன். அந்த அம்மாள் இன்னும் இரண்டு பொட்டலம் எடுத்துக்கொண்டாள்.